காது இரண்டும் தண்ணீருக்குள்

"ஏனுங்கம்மா, காதுங்க, காது! ரெண்டு காதையும் தண்ணிக்குள்ள உடுங்க!" என்று நந்திதா கரையிலிருந்து கத்தினாள். இன்றைக்கு மட்டும் இது பத்தாவது தடவையா பதினைந்தாவது தடவையா என்று அவளுக்கே விட்டுப்போயிருக்கும்.

மெஹராஜ் விட்டாள். அதாவது, விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். மல்லாக்கப் படுத்து, மனசுக்குள் பிஸ்மி சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்தாள். தண்ணீர் காதைத் தொட்டதுதான் தாமதம், யாரோ பிடரியில் தட்டி எழுப்பிய மாதிரி தலை தானாக நிமிர்ந்தது. தாடை நெஞ்சில் போய் முட்டியது. தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும். தண்ணீர் இந்த விஷயத்தில் யாருக்கும் தயவு பார்ப்பதில்லை. இடுப்பு போனது, கூடவே கால் போனது, மூக்கில் தண்ணீர் ஏறியது. நாலடி ஆழத்தில் எழுந்து நின்று இருமினாள். ஐம்பத்திரண்டு வயசு, முழுக்கை நீச்சலுடை, தலையில் ரப்பர் தொப்பி. பக்கத்துத் தடத்தில் கல்லூரிப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சிரிக்கட்டும், கோபப்படக்கூடத் தெம்பு வேண்டுமே!

"தண்ணிக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்தாப்பல இருக்கறீங்கம்மா" என்றாள் நந்திதா, குனிந்து. அவள் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரப் பெண். மாநிலப் போட்டி வரைக்கும் நீந்திப்போட்டு, இப்போது சுங்கம் பக்கத்தில் இருக்கிற இந்த நீச்சல் குளத்தில் பெண்களுக்கான பதினொரு மணி வகுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். "உங்க தலையைத் தண்ணியே தாங்கிக்கும். நீங்கதான் உட மாட்டீங்கறீங்க. இப்படிக் கழுத்தை வெறைச்சுட்டு நீஞ்சினா வலி கொறையாதுங்க, எச்சாத்தான் ஆகும்."

"தெரியுது கண்ணு" என்றாள் மெஹராஜ். தெரிகிறதுதான். தெரிந்து என்ன செய்ய?

நீச்சலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. நாலு பிரசவம் பார்த்த உடம்பு, அதில் இரண்டு தங்கவில்லை, ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இந்த வயசில் ரப்பர் தொப்பி போட்டுக்கொள்ள யாருக்கு ஆசை வரும், சொல்லுங்கள் பார்ப்போம். கழுத்துதான் அவளை இங்கே கொண்டுவந்து தள்ளியது. கோட்டைமேட்டு வீட்டின் உள்ளறையில் அவள் கணவர் நசுருதீன் நாலு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே சரிந்தார். இடது கையும் இடது காலும் அன்றோடு போயின. நல்லவேளை வாய் போகலை என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீருக்கு ஒரு "மெஹராஜு", ஃபேனைக் கூட்ட ஒரு "மெஹராஜு", குறைக்க ஒரு "மெஹராஜு", ஒன்றுமே வேண்டாம், ஆள் இருக்கிறாளா என்று பார்க்க ஒரு "மெஹராஜு". வேலைக்கு வைத்த ஆட்கள் இரண்டு பேரையும் மனுஷன் ஆறே வாரத்தில் திட்டித் துரத்திவிட்டார். அவர் உடம்பைத் தூக்க, புரட்ட, துடைக்க அவள் ஒருத்திதான்.

நாலு வருடம் குனிந்தே இருந்த கழுத்து ஒரு நாள் மக்கர் செய்தது. வலது கை விரல்கள் மரத்துப்போயின. டம்ளர் கையிலிருந்து நழுவியது. நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்ய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கிவிட்டது என்றார். "ஆறு வாரம் தூக்கற வேலை கூடாது. மல்லாக்க நீந்துங்க, வாரத்துக்கு மூணு நாள். அதுக்கும் கேக்கலைன்னா ஆபரேஷன்தான். பண்ணினா ஆறு மாசத்துக்கு யாரையும் தொடக்கூடாது."

ஆறு மாசம்! அவரை யார் பார்ப்பது? மகன் ஆசிப் பம்ப் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவன். காலையிலும் இரவிலும் அத்தாவைத் தூக்கிக்கொடுப்பான், நடுவில் அவனால் என்ன முடியும்? மருமகள் அஃப்ஷீன் ஒரு வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டையும் பார்க்கிறாள். மாமனாருக்கு மூத்திரக் கேன் பிடிக்கச் சொல்லவா முடியும்? ஆசிப் ஒரு நாள் சமையல்கட்டுக்குள் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அம்மா, பொள்ளாச்சி ரோட்டுல ஒரு ஹோம் இருக்குது. நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். சுத்தமா வெச்சுக்கறாங்க. உங்களுக்கு ஆபரேஷன்னா அத்தாவை அங்கதான் உடோணும்." அவன் கெட்டவன் இல்லை. சொல்லும்போது அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மெஹராஜ் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆறு வாரம் பொறு. நான் நீஞ்சிக்கறேன்."

அப்படி வந்தவள்தான் இவள். நாலு வாரம் முடியப்போகிறது. மல்லாக்க ஒரு முழு நீளம்கூட இன்னும் போகவில்லை.

காரணம் நந்திதாவுக்குத் தெரியாது. தண்ணீருக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கெல்லாம் மெஹராஜ் பயப்படவில்லை. அவள் காது அவள் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நாலு வருடமாக அந்தக் காது உள்ளறைப் பக்கம் திரும்பியே கிடந்தது. குக்கர் விசிலுக்கு நடுவில், தொழுகைக்கு நடுவில், தூக்கத்துக்கு நடுவில், இருமல் எது, கூப்பிடும் குரல் எது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டே பழகிவிட்டது. இங்கே குளத்தங்கரையில் பெஞ்சின் மேல் அவளுடைய போன் இருக்கும், சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருப்பாள். காது தண்ணீருக்குள் போனால் போன் கேட்காது. கேட்காவிட்டால்? அதுதான், தலை தானாகத் தூக்கிக்கொள்கிறது.

போன் அடிக்காமலும் இல்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் தலையைக் கொஞ்சம் சாய்க்க ஆரம்பித்திருந்தாள், அடித்தது. படிக்கட்டைத் தேடாமல் கரையைப் பிடித்து ஏறி, சொட்டச் சொட்ட ஓடி எடுத்தாள். "மாமி, மாமாவுக்கு அவசரமாக் கேன் வேணுமாங்க. வேற யாரும் வேண்டாங்கறாங்க" என்றாள் அஃப்ஷீன் சங்கடத்தோடு. கிளம்பும்போது மெஹராஜ் கேன் பிடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மாத்திரை அப்படி, அவருக்கு அடிக்கடி வரும். பகலில் டயப்பர் கட்டினால் இடுப்பில் ஆறியிருந்த படுக்கைப்புண் மறுபடி வாய் திறக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அதற்கும் வழியில்லை. ஈரத்தலையோடு ஆட்டோ பிடித்துப் போனாள். அதற்கப்புறம் இன்னும் மூன்று தடவை அப்படிப் போனாள். நந்திதா ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் பிடிக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

நாலாவது வாரக் கடைசி வகுப்பில்தான் வாய் திறந்தாள். "இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்குதுங்கம்மா. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். மனசுல என்னமோ வெச்சுட்டிருக்கறீங்க. என்னன்னு எனக்குத் தெரியாது. அதைக் கரையில வெச்சுட்டு எறங்குங்க."

கரையில்தானே கண்ணு வைத்திருக்கிறேன், பெஞ்சு மேலே, என்று மெஹராஜ் நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து, இறங்க வேண்டிய உக்கடம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். அவள் களைத்துப்போயிருந்தாள். அது நீந்திய களைப்பு இல்லை, நாலு வருடத்துக் களைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசிப் அத்தாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கறி வாங்கப் போனான். அந்த நேரத்தில்தான் படுக்கையை மாற்ற முடியும். அது படுக்கைப்புண்ணுக்காக வாங்கிய தண்ணீர் மெத்தை. ரப்பர் பைக்குள் தண்ணீர் நிரப்பி, கட்டில் பலகைமேல் போட்டது. மெஹராஜ் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். நசுருதீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீச்சல் எப்படிப் போகுது?" என்றார். இத்தனை நாளில் அவர் இதைக் கேட்டதே இல்லை. அவள் போவதே பிடிக்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பார்.

"அது எங்க போகுது, நின்ன எடத்துலயே நிக்குது. காது உள்ள போனாத் தலை தானாத் தூக்கிக்குதுங்க. தலை தூக்கினா இடுப்பு முழுகிருது. அந்தப் புள்ளையும் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு."

"ஏறிப் படு."

"எங்கீங்க?"

"கட்டில்லதான். நாலு வருஷமா நான் தண்ணி மேலதான படுத்திருக்கேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன? சுங்கம் வரைக்கும் பஸ் ஏறிப் போறா, கத்துக்க!"

கதவருகே குழந்தையோடு நின்ற அஃப்ஷீன் பக்கென்று சிரித்துவிட்டாள். மெஹராஜுக்கும் சிரிப்பு வந்தது. கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு கட்டிலில் ஏறி மல்லாந்தாள். மெத்தைக்குள் தண்ணீர் குபுக்கென்று ஒதுங்கியது. இந்த மெத்தையை எத்தனை தடவை கழுவியிருப்பாள், எத்தனை தடவை ஒட்டுப்போட்டிருப்பாள். ஒரு நாளும் இதில் படுத்துப் பார்த்ததில்லை. மேலே ஃபேன், அதைச் சுற்றிப் பழுப்பேறிய சுண்ணாம்பு. அவ்வளவுதான் தெரிந்தது. கதவு தெரியவில்லை. ஜன்னல் தெரியவில்லை. இதைத்தானா மனுஷன் நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"தலகாணியை எடுத்துரு. ஆ, அப்படித்தான். இப்பத் தலையைத் தூக்கி உன் காலைப் பாரு."

தூக்கினாள். பாரமெல்லாம் இடுப்புக்கு இறங்கி, மெத்தை அமுங்கி, கட்டில் பலகை பின்பக்கத்தில் தட்டியது.

"தட்டுச்சா?"

"தட்டுச்சுங்க."

"இப்பத் தலையைக் கீழ உடு. முழுசா உடு, கழுத்துல புடிச்சு வெச்சுக்காதே. உன் மண்டையை நீ எதுக்குச் சுமக்கறே, தண்ணி சுமக்கட்டும்."

விட்டாள். பின்பக்கம் மெல்ல மேலே வந்தது. பலகை விலகிவிட்டது.

"இவ்வளவுதான் சமாச்சாரம்" என்றார் நசுருதீன். பட்டறையில் பையன்களுக்கு வேலை சொல்லும்போது இருந்த அந்தப் பழைய அதட்டல் குரலில் வந்திருந்தது. "தாடையை நெஞ்சுல ஒட்டாதே. அதுக்குன்னு ரொம்ப அண்ணாக்கவும் வேண்டாம், முதுகு வளைஞ்சு மூஞ்சில தண்ணி ஏறும். கண்ணு நேரா மேல. ஃபேனு நடுவுல ஒரு திருகு இருக்கு பாரு, அதை மட்டும் பாரு. கால்பக்கம் என்ன நடந்தாலும் உனக்கென்ன? நெஞ்சை லேசா மேல குடு. குடுத்தியா? வயிறும் இடுப்பும் அது பின்னாலயே வந்துரும்."

"உங்களுக்கு எப்படிங்க இத்தனையும் தெரிஞ்சுது?"

அவர் சரியாக வரும் வலது கையால் நாற்காலியின் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்த இடுப்புப் புண்ணு எப்படி வந்துச்சுன்னு நெனச்சே? ஆரம்பத்துல நீ அக்கட்டப் போனாப் போதும், வர்றியான்னு கதவைப் பார்த்துத் தலையைத் தூக்குவேன். நாளைக்கு நூறு தடவை தூக்குவேன். தலை மேல போக, இடுப்பு பலகைல தேஞ்சு தேஞ்சு புண்ணாச்சு. மூணு மாசம் சீழ் வெச்சுக் கெடந்து கத்துக்கிட்டேன், தலையைத் தூக்கக் கூடாதுன்னு. அதுக்கப்பொறந்தான் பார்க்கறதை உட்டுட்டுக் கூப்பிட ஆரம்பிச்சேன்."

மெஹராஜ் ஃபேனின் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை மங்கலாகிவிட்டது.

"சரி, நீ எதுக்குத் தூக்கறே?" என்றார்.

"நீங்க கூப்பிட்டாக் கேக்கோணுமில்லீங்க."

அவர் அவளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் முதல் தடவையாக மேலேயிருந்து குனிந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு, "இங்கிருந்து சுங்கத்துக்குக் கேக்கறதுக்கு நான் என்ன ஷிப்டுக்கு ஊதற மில்லுச் சங்கா?" என்றார்.

தண்ணீர் மெத்தையில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பட்டப்பகலில், விரிப்புகூட இல்லாத ரப்பர் மேல், வாய் லேசாகத் திறந்திருக்க முக்கால் மணி நேரம் தூங்கினாள். கறியோடு திரும்பி வந்த ஆசிப் அத்தாவைப் படுக்கவைக்க உள்ளே வந்தபோது, நசுருதீன் உதட்டில் விரலை வைத்து அவனை வெளியே போகச் சொன்னார். உட்கார்ந்து உட்கார்ந்து அவர் முதுகு ஒடிந்திருக்கும். ஆனால் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அப்படியெல்லாம் ஆவதற்கு இது சினிமா இல்லை. காது மூன்று விநாடி உள்ளே இருந்தது, பிறகு ஐந்து விநாடி. ஆனால் நந்திதா ஒரு தடவைகூடக் கத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு போன் அடிக்கவில்லை.

புதன்கிழமை மெஹராஜ் தண்ணீரில் மல்லாந்து, தகரக் கூரையில் ஒரு போல்ட்டைத் தேடிப் பிடித்தாள். துருப்பிடித்த போல்ட். அதிலேயே கண்ணை வைத்தாள். மண்டையை நீ எதுக்குச் சுமக்கறே என்ற குரலை நினைத்துக்கொண்டு கழுத்தை விட்டாள். தண்ணீர் காதுக்குள் வந்தது. வெளியில் இருந்த அத்தனை சத்தமும், பிள்ளைகளின் கூச்சல், விசில், ரோட்டில் போகிற லாரி, எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அவளுடைய மூச்சு மட்டும் உள்ளேயிருந்து பெரிதாகக் கேட்டது. இடுப்பு மேலே இருந்தது. காலை உதைத்தாள், போல்ட் நகர்ந்து போனது, அடுத்த போல்ட் வந்தது. கரையில் நந்திதா கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள், வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கையை ஒன்று மாற்றி ஒன்று பின்னால் போட்டாள். கை போனது, உடம்பு உருண்டது, தலை மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. விரல்கள் அந்தக் கோடிச் சுவரைத் தொட்டன.

"அட சாமீ, வந்துட்டீங்கம்மா!" என்று நந்திதா கைதட்டினாள். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளும் தட்டினார்கள்.

திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள். நாலு நீளம். மூன்றாவது நீளத்தில் நடுவில் எங்கேயோ ஒரு விஷயம் நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை, நான் சொல்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு நசுருதீன் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. வீடு மறந்துபோனது. கேன், மாத்திரை, புண், ஹோம் எல்லாம் மறந்துபோனது. அது நன்றாக இருந்தது. இப்படியே கிடந்துவிடலாம் போல அத்தனை நன்றாக இருந்தது. கரையேறித் துண்டால் முகத்தைத் துடைக்கும்போதுதான் நினைப்பு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. ஓடிப்போய் போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதி பஸ்ஸில் வீடு வரைக்கும் நீடித்தது.

"நாலு ரவுண்டு அஃப்ஷீன்!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மாஷா அல்லாஹ்! மாமாவும் இன்னைக்கு ஒரு சத்தமும் போடலைங்க மாமி. ரெண்டு வாட்டி எட்டிப் பார்த்தேன், ஃபேனைப் பார்த்துட்டே படுத்திருந்தாங்க. ஏதாச்சும் வேணுமான்னேன், ஒண்ணும் வேண்டாம் போன்னுட்டாங்க."

உள்ளறைக் கதவைத் தள்ளியதுமே வாடை சொன்னது. மெஹராஜ் போர்வையை விலக்கினாள். வேட்டி, விரிப்பு, முதுகுக்குக் கீழே ரப்பரின் பள்ளம் வரைக்கும் ஈரம். சூடெல்லாம் ஆறிச் சில்லென்று ஆகியிருந்தது. அவர் தலை தலையணையில்தான் இருந்தது, கண் ஃபேனில்தான் இருந்தது.

"எப்ப ஆச்சுங்க?"

"நீ பஸ் ஏறியிருக்க மாட்டே, அதுக்குள்ள."

இரண்டு மணி நேரம். அந்த இடுப்போடு இரண்டு மணி நேரம் ஈரத்தில் கிடந்திருக்கிறார். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? புண்ணு மறுக்கா வந்தா யாரு பார்க்கறது? அந்தப் புள்ளை ரெண்டு வாட்டி வந்து கேட்டிருக்கா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு போன் போட்டிருப்பாள்ல?"

"போட்டிருப்பா. அதனாலதான் சொல்லலை."

"ஏனுங்க..."

"போன் அடிச்சா நீ தலையைத் தூக்கிருவே" என்றார்.

மெஹராஜ் ஈர விரிப்பின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்கட்டில் குழந்தை எதையோ தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவரை மறந்துவிட்டு மிதந்தோமே, அந்த நேரத்தில் இவர் இப்படிக் கிடந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் இனிமேப் போகலைங்க. வெள்ளிக்கிழமை போகலை. போதும்."

"போகாம?" அவர் முதல் தடவையாக ஃபேனிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "போகாம கழுத்தைக் கெடுத்துக்கிட்டு ஆபரேஷனுக்குப் போவே. ஆசிப் என்னைப் பொள்ளாச்சி ரோட்டுல கொண்டுபோய் உட்டுருவான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது... உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? நீங்க சமையல்கட்டுல பேசினா எனக்குக் கேக்காதா? மோட்டார் ஓடற சத்தத்தை வெச்சே எந்தக் காயில் கருகுதுன்னு சொன்னவன் நான். கை கால்தான் போச்சு, காது போகலை." அவர் குரல் உடைந்தது. "ரெண்டு மணி நேரம் ஈரத்துல கெடந்தா ஒண்ணும் ஆயிராது மெஹராஜு. அங்க போய் நான் யாரைக் கூப்பிடறது?"

அவள் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மெதுவாக ஒரு பக்கம் புரட்டி, துடைத்து, பவுடர் போட்டு, மறுபக்கம் புரட்டினாள். இடுப்பில் பழைய தழும்பு சிவந்திருந்தது. தோல் விடவில்லை. துடைக்கும்போது வலது கை விரல்கள் துணியை நன்றாகப் பிடிப்பதைக் கவனித்தாள். போன மாதம் இப்படிப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. இரண்டு பேருமே அழுதார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குக் கேன் பிடித்தாள். ரப்பர் விரிப்பு இன்னொன்றை இடுப்புக்குக் கீழே செருகினாள். தழும்பில் எண்ணெய் தடவினாள். இதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாதபோது கதவருகே போய், "போயிட்டு வாரேனுங்க" என்றாள்.

"ம்" என்றார் அவர். கண் ஃபேனில் இருந்தது.

குளத்தில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. மெஹராஜ் போனைக் கைப்பையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். சுவரைக் காலால் உந்தி, மல்லாந்து, கழுத்தை விட்டாள். காது இரண்டும் உள்ளே போயின. சத்தம் நின்றது. இன்றைக்கு எதுவும் மறக்கவில்லை. இந்நேரம் நனைந்திருக்கும். இல்லை, நனையாமலும் இருக்கலாம். நனைந்திருந்தால் அவர் வாயைக் கடித்துக்கொண்டு, கூப்பிடாமல், அந்தத் திருகையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அவள் பன்னிரண்டரைக்குத்தான் போவாள். தெரிந்தேதான் வந்திருக்கிறாள், தெரிந்தேதான் அவரும் அனுப்பியிருக்கிறார்.

கண்ணீர் பொங்கி இரண்டு பக்கமும் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. காது ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தது. கரையில் நந்திதா கையை ஆட்டி ஏதோ கேட்டாள். மெஹராஜ் தலையைத் தூக்கவில்லை. கையை எடுத்துப் பின்னால் போட்டாள், பிறகு அடுத்த கையை.